செவலையைப் புதைத்த மூலை

வெகுதானிய வருஷம், ஆடி 19

மழை. சோளம் விதைத்தாயிற்று. இந்த இரண்டு வரியையும் மருமகள் சௌந்திரத்தைக் கேட்காமல் நானே எழுதினேன்.

ஆடி 22

எனக்கு அறுபத்து நான்கு வயது. தைப்பூசத்துக்கு மறுநாள்தான் சௌந்திரம் களத்து மண்ணில் 'அ' போட்டுக் காட்டினாள். இன்று எருமப்பட்டிச் சந்தையில் ஒரு கடைப் பலகையை முழுவதும் வாசித்தேன். கடைக்காரர், "என்ன வேணுமுங்க?" என்றார். "ஒண்ணும் வேண்டாமுங்க, படிச்சேன்" என்றேன்.

ஆடி 26

மகன் சென்னியப்பன் கிழக்கு மூலையை வெட்டித் திருத்துகிறான். இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஏர் போகவில்லை. நள வருஷம் என் செவலைக் காளையைப் புதைத்த இடம். "நல்ல மண்ணுங்கப்பா, சும்மா கெடக்குது" என்றான். வெட்டிய மண்ணைப் பசும்புல் வளர்க்கும் துண்டில் இறைத்தான். ஒரு எலும்பு வந்தது. திரும்ப மண்ணில் வைத்து மூடினேன்.

செவலையைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரியும். அவன் பெயரை எழுதக் கை வரவில்லை.

ஆவணி 9

எங்கள் பசு வெள்ளச்சி செத்துப்போனாள். காலையில் நன்றாகப் பால் கொடுத்தவள். அந்தப் புல் துண்டில் மேய்ந்துவிட்டு வந்து நடுங்கி நின்றாள். விழுந்தாள். மூக்கில் கறுத்த ரத்தம், உறையவே இல்லை. செவலைக்கும் இதே மாதிரி— அச்சாக இதே மாதிரி.

ராசப்பன்தான். எழுதிவிட்டேன். என் பெரியப்பா மகன், அடுத்த காட்டுக்காரன். பொதுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறைக்காகச் சண்டை போட்டோம். பத்தாம் நாள் செவலை விழுந்தது. விஷமா என்று பார்க்க அதன் வயிற்றை நான்தான் அறுத்தேன். மண்ணீரல் வீங்கித் தார் மாதிரிக் கறுத்திருந்தது. அதை வைத்துத்தான் ஊர்க் கூட்டத்தில் அவன் பெயரைச் சொன்னேன். அன்று முதல் பேச்சில்லை. ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பதில்லை. நான் தனிக் கிணறு வெட்டினேன், தண்ணீர் உப்பு. அதற்கும் சிரித்தானாம்.

இத்தனை வருஷம் கழித்தும் விட மாட்டானா?

இன்றும் கத்தியை எடுத்தேன். சௌந்திரம் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாமுங்க மாமா. நாமக்கல் மாட்டு டாக்டருக்கு ஆள் உட்டிருக்குது. அவரு வார வரைக்கும் தொடாதீங்க." "தள்ளு புள்ள" என்றேன். தள்ளவில்லை.

ஆவணி 10

டாக்டர் சுப்பையன் வந்தார். என் மகனைவிடச் சின்னவர், என்னைச் 'சாமி' என்கிறார். வெள்ளச்சியின் காதில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டார். கத்தி பட்டதா என்று மூன்று தரம் கேட்டார். இல்லை என்றேன். "நல்ல வேலை பண்ணுனீங்க சாமி" என்றார். நானா பண்ணினேன்?

தோலை உரிக்காமல், ஆறடிக் குழியில், மேலும் கீழும் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வைத்தார். மாட்டைத் திடீரென்று சாய்க்கும் அடைப்பான் நோய் போலத் தெரிகிறதாம்.

"வெசம் இல்லீங்களா?"

"மனுசன் வெச்ச வெசம் இல்லீங்க. நாளன்னிக்கு நாமக்கல் வாங்க, கண்ணுலயே காட்டறேன்."

ஆவணி 13

நேற்று போய் வந்தேன். இதை எழுதி முடிக்க இன்று பொழுது முழுக்க ஆகும். ஆகட்டும்.

டாக்டர் ஒரு பித்தளைக் குழாயில் கண்ணை வைக்கச் சொன்னார். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு— நீல நீலமாகக் குச்சிகள். மூங்கில் கணுக்களைத் துண்டு போட்டு வரிசையாக அடுக்கியதுபோல. வெள்ளச்சியின் ஒரு சொட்டு ரத்தத்துக்குள் ஒரு மூங்கில் தோப்பு!

இரண்டாவது சில் அவர் பட்டணத்தில் படித்தபோது செய்து வைத்தது. அதே குச்சிகள். ஆனால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு முத்து மின்னியது.

"இது என்னங்க?"

"வித்துங்க சாமி. மாடு செத்துத் தீனி தீர்ந்து, வெளிக் காத்தும் பட்டுதுன்னா, அந்தக் கிருமி தன் உசுரை உள்ள சுருட்டிச் சுத்தி ஓடு கட்டிக்கும். குச்சி கரைஞ்சுரும், வித்து நிக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"இருவது வருசம், முப்பது வருசம். வெயிலும் பஞ்சமும் ஒண்ணும் பண்ணாது. மண்ணுலயே கெடக்கும். என்னைக்கோ ஒரு நாள் புல்லோட மாட்டு வாயில போச்சுன்னா, உள்ள ஈரமும் சூடும் தீனியும் இருக்குதில்லீங்களா, ஒரு நாழிகைல முளைச்சுரும்."

பிறந்தது முதல் விதையோடு வாழ்பவன் நான். "ஒரு குச்சிக்கு எத்தனை வித்துங்க?" என்று கேட்டேன். ஒன்றுதான் என்றார். அது முளைத்தால்? ஒரே ஒரு குச்சிதான் என்றார். அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கம்பு போட்டால் ஒரு கதிர் நிறைய மணி வரும். இது ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் இந்த வித்து பெருகுவதற்காக உண்டானதில்லை. காத்திருப்பதற்கென்றே உண்டானது! கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு அவ்வளவு பொறுமையை யார் கொடுத்தது?

"பொதைச்ச மாட்டுலயும் வித்தாகுங்களா?" என்றேன்.

"அறுக்காமப் பொதைச்சா ஆகாதுங்க. காத்துப் படாம, உள்ள அழுகுறப்பவே குச்சியும் அழிஞ்சுரும். அறுத்துட்டா அம்புட்டும் வித்துத்தான். ஏஞ்சாமி, உங்க காட்டுல எப்பவாச்சும் மாட்டை அறுத்தீங்களா?"

கண்ணைத் திரும்பக் குழாயிலேயே வைத்துக்கொண்டேன். முத்துக்கள் அப்படியே இருந்தன.

ஆவணி 14

அறுத்தவன் நான்.

ஆவணி 15

புல் துண்டுக்குள் மாடு போகாமல் சென்னியப்பன் அடைத்துவிட்டான். உழவு மாடு இரண்டும் அங்கே மேய்ந்தவைதான். அவற்றின் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சுடவில்லை. டாக்டர் இருபதாம் தேதி ஊசியோடு வருகிறார். அதற்குள் ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ராசப்பனிடம் போக வேண்டும். போகாமல் இருந்தால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? இருபத்திரண்டு வருஷம் சும்மா இருந்தாயிற்று. இல்லை, போக வேண்டும்.

ஆவணி 17

போனேன். வேலிப் படலை நானே திறந்து உள்ளே போனேன். பெரியநாயகி அண்ணி கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். "ஏனுங் கொழுந்தனாரே, ஊடு தப்பி வந்துட்டீங்களாக்கு?" என்றார்.

"இல்லீங்க அண்ணி, தெரிஞ்சுதான் வாரேன்."

ராசப்பன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன். குச்சி, முத்து, காற்று. விஷம் இல்லை. அறுத்து மண்ணைக் கெடுத்தவன் நான். வெள்ளச்சி செத்ததும் அதனால்தான். உன் மேல் சொன்னது பொய்.

முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பேசினான். "மாரியாத்தா முன்னால சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுனேன். நீ நம்புல. இன்னைக்கு ஒரு கண்ணாடி சொன்னதும் நம்பிப்போட்ட. அப்படித்தானே செங்கோடா?"

"இருவதாந்தேதி டாக்டர் வாராரு, உங்க மாட்டுக்கும் ஊசி போட்டுக்குங்க அண்ணா" என்று மட்டும் சொன்னேன். அண்ணா என்று வந்துவிட்டது. தானாக வந்தது.

ஆவணி 18

அண்ணன் கேட்டதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

ஆவணி 20

உழவு மாடுகளுக்கு ஊசி போட்டாயிற்று. இரண்டும் நன்றாக இருக்கின்றன. அண்ணன் மாடுகளை ஓட்டிக்கொண்டு சென்னியப்பன் வயதுள்ள அவர் மகன் வந்தான். அவர் வரவில்லை.

டாக்டரிடம், "மண்ணுல மிச்சம் இருக்கறது எப்பச் சாகுமுங்க?" என்றேன். "நம்ம காலத்துல இல்லீங்க சாமி. வேலி போட்டு உட்டுருங்க" என்றார். என் காட்டு மூலையில் எனக்குப் பின்னாலும் உயிரோடு இருக்கப் போகிறது! பயமும் ஆச்சரியமும் ஒன்றாக வருகின்றன. எது முதலில் என்று பிரிக்கத் தெரியவில்லை.

புரட்டாசி 3

இன்று கிழக்கு மூலைக்கும் புல் துண்டுக்கும் சேர்த்து முள்வேலி போட்டோம். எதற்கு வேலி என்று ஒரு பலகையில் நானே எழுதினேன். 'இங்கே மாடு மேய்க்காதீர். தோண்டாதீர். மண் எடுக்காதீர். செங்கோடன்.' என் பேரன் பேத்திகளும் வாசிக்கட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

பாதி வேலிக்கு மேல் முள் போதவில்லை. அப்போது எல்லை ஓரம் வண்டிச் சத்தம். அண்ணன் ஒரு பாரம் கருவேல முள் கொண்டுவந்து இறக்கினார். தன் பக்கத்தைத் தானே கட்டினார். பொழுது உச்சிக்கு வந்தபோது பலகை முன்னால் நின்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. "என்ன எழுதியிருக்குது?" என்றார். படித்துக் காட்டினேன். "உம்" என்றார்.

பிறகு சௌந்திரத்தைப் பார்த்து, "தாகமா இருக்குது சாமி" என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்தாள். அண்ணாந்து முழுக்கக் குடித்தார். மீசையைத் துடைத்தார்.

"உன்ற கெணத்துத் தண்ணி இன்னமும் உப்புத்தாண்டா" என்றார்.

சொம்பைத் திரும்ப நீட்டினார். சௌந்திரம் ஊற்றினாள்.