சாம்சனும் சந்திரகிரி வெள்ளிக்கிழமையும்

புத்தூர்,
17-7-1960

அன்பு மகள் ஜெயசீலிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இந்த வீட்டில் மூன்று பேரும் சுகம். நாக்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் காலையில் கோயிலில் முழங்காலிட்டேன். மூன்றாவது ஆள் யாரென்று உனக்குச் சொல்ல வேண்டாம். உன் போன கடிதத்தில் நாய்க்குட்டியைப் பற்றி ஒன்பது கேள்வி, என்னைப் பற்றி ஒன்று. அதுவும் கடைசியில், கையெழுத்துக்கு மேலே இருந்த இடுக்கில், அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று. நாற்பத்தைந்து வயதில், மதராஸில் பி.ஏ. படித்தவள், ஒரு நாயோடு கேள்வி எண்ணிக்கொண்டிருக்கிறாளே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். வலி தேவலை.

அது வந்த கதையை நைனா தன் போக்கில் எழுதியிருப்பார், நான் பார்த்தபடி சொல்கிறேன். ரேணிகுண்டாவில் ஒரு ரயில் டிரைவர் துரை குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறிப் போனபோது குட்டியைக் காலி குவார்ட்டர்ஸில் குழாயடியில் கட்டிவிட்டுப் போய்விட்டானாம். மூன்று நாள் பட்டினி, யாரோ கல்லெறிந்து முன்னங்கால் முறிந்திருந்தது. உன் நைனா தன் ரயில்வே கார்டு கோட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் இறக்கினார். கிரேட் டேனாம், கன்றுக்குட்டி உயரம் வளருமாம். வேதாகமப் பெயரை நாய்க்கு வைக்காதீர்கள் என்றேன், கேட்கவில்லை, சாம்சன் என்று வைத்தார். அன்றே வேதாச்சலம் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போய் முட்டை வெள்ளையும் பச்சிலையும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். புத்தூர்க்கட்டு ஊருக்கெல்லாம் தெரிந்ததுதானே, பதினைந்து நாள் கையே வைக்கக் கூடாது என்று அதற்குக் காவல் உட்கார்ந்தார். உனக்கு அம்மை வார்த்தபோது பால் காய்ச்சத் தெரியாது என்று சொன்ன மனிதர், இதற்கு இரண்டு வேளை ராகிக் கஞ்சி காய்ச்சுகிறார். என்னோடு ஒரு நாளைக்கு உம், சரி, உப்பு கம்மி, இவ்வளவுதான் பேச்சு. அதனிடம் மணிக்கணக்காகப் பேசுகிறார். உன் கடிதம் வந்தால் முதலில் அதற்குத்தான் உரக்கப் படிக்கிறார், அக்கா எழுதிக்கீறா கேளு கண்ணு என்று. நீ ரயிலேறிய பிறகு உன்னைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை வருத்தப்பட்டதில்லை. ஒரு நாள் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார், இந்த ஜன்னலாண்டதான் உக்காந்து படிச்சிக்கினு இருப்பா என்று. உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அது எனக்கு வர வேண்டிய பேச்சு ஜெயா.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். நைனாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தது. சந்திரகிரிக்குக் கூட்டிப்போவதாக என்னிடம் சொல்லியிருந்தார். நீ பிறப்பதற்கு முன் ஒரு தரம் அந்தக் கோட்டைக்குப் போனோம், அதன் பிறகு இப்போதுதான். முந்தின நாள் அவர் டூட்டியில் இருக்கும்போது பால்கார செங்கம்மா வந்து சொன்னாள், டீச்சரம்மா, வைத்தியரு சொல்லி அனுப்சாரு, இது மனுசங்க மாதிரி இல்லியாம், வளர்ற சாதியாம், எட்டு நாளுக்கு மேல ஒரே கட்டு ஆகாதாம், நாளைக்கே தூக்கியாந்து மாத்திக்கினு போவச் சொன்னாரு என்று. சரி என்றேன். அவர் வந்ததும் நான் சொல்லவில்லை. மறக்கவில்லை, சொல்லவில்லை. சொன்னால் சந்திரகிரி போய்விடும் என்று தெரியும். ஒரு நாளில் என்ன வளர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போனோம். உன் பச்சைக் கரைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டேன். குட்டியைச் செங்கம்மா பார்த்துக்கொண்டாள். ராஜா மஹாலுக்கு முன்னால் நின்று அவர் சொன்ன முதல் வார்த்தை, நம்ம சாம்சன் ஓடறதுக்கு தோதான எடம் என்பது. கொண்டுபோன புளிச்சோற்றில் ஒரு கைப்பிடியை இலையில் மடித்து வைத்துக்கொண்டார், எதற்கென்று நான் கேட்கவில்லை. மறுநாள் அவர் குண்டக்கல் வண்டியில் போய்விட்டார். மத்தியானம் முழுக்க அது முனகியது. அவருக்காக ஏங்குகிறது, ஏங்கட்டும் என்று நான் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சை நோட்டுத் திருத்தினேன். நாலு மணிக்குச் செங்கம்மா வந்து, இன்னாம்மா இது, கஞ்சியத் துன்னாம அப்டியே கீது, காலப் பாருங்க என்று கத்தினாள். போய்ப் பார்த்தேன். கட்டுக்குக் கீழே விரல்கள் நாவற்பழம் போல் கறுத்து வீங்கியிருந்தன. காலுக்குக் கட்டு பற்றாமல் போய்விட்டது. செங்கம்மா ஜட்கா பிடிக்க ஓடினாள். மடியில் தூக்கிக்கொண்டு போனேன், எவ்வளவு கனம் தெரியுமா, வழியெல்லாம் என் கையை நக்கியது. என்னைக் கடித்திருந்தால் பரவாயில்லை.

வைத்தியர் கத்தரியால் கட்டை நறுக்கிப் பிரித்து, விரலை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துத்தான், பர்லேதும்மா, பயமில்ல, சூடு திரும்பிடுச்சி, பொழுது சாய்ஞ்சி வந்திருந்தா கால எடுத்திருக்கணும், முந்தாநேத்தே சொல்லி அனுப்சேனே என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். செங்கம்மா என்னைப் பார்த்தாள். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, பாலில் தண்ணீர் கொஞ்சம் கூடியிருக்கிறது, நானும் கேட்கவில்லை.

இப்போது பாதம் ஊன்றி நடக்கிறான். நைனா கோயிலில் பாதிரி ஐயரிடமே சொன்னார், எங்க ஞானம் இல்லேன்னா அந்த ஜீவன் இல்லீங்க என்று. எல்லாரும் என் கையைப் பிடித்தார்கள். அதைவிட மோசம், சாம்சன் இப்போது என் காலடியை விடுவதில்லை. அவர் வாசலில் கஞ்சியோடு நின்று கூப்பிட்டாலும் அசைய மாட்டான். நேற்று அவர், உங்கிட்டயே கீறான் போ, என்று கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் முகம் வாடியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

மற்றபடி, எல்லை மாறித் திருத்தணி மதராஸோடு சேர்ந்ததில் அசரியா மாமா அங்கே உட்கார்ந்தபடியே ஏப்ரலிலிருந்து மதராஸ்காரர் ஆகிவிட்டார். எங்களுக்குப் போன வாரம் கடிதம் போட்டார், ஆந்திராவில் மழை உண்டா என்று, ஏதோ கடல் தாண்டி விசாரிப்பது போல. அவர் மேலும் பொறாமைதான். பள்ளியில் அடுத்த வருஷம் தமிழ் வகுப்பு இருக்குமா என்று தெரியவில்லை, ஆபீசிலிருந்து வருவதெல்லாம் தெலுங்கில்தான் வருகிறது. நீ ஹாஸ்டலில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு லீவு இப்போதே கேட்டு வை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நான் நைனாவிடம் சொல்ல வேண்டும், சொல்வேன், வாய் வரவில்லை. அதுவரை இதைப் பற்றிப் பதிலில் ஒரு வார்த்தை எழுதாதே, உன் கடிதத்தை அவர் சாம்சனுக்கு உரக்கப் படிப்பார். அவன் கால் எப்படி என்று நீ எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேள், இனி எண்ண மாட்டேன். முழங்காலை மட்டும் கொஞ்சம் மேலே, முதல் பக்கத்தில் கேள்.

உன் அன்புள்ள அம்மா,
ஞானம்மாள் இயேசுதாசன்