நீங்கள் கேட்ட அந்த ஒரு நாள்

இஞ்சேருங்கோ,

முப்பத்தாறு வருடமும் உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன். கடிதத்திலாவது பெயரை எழுதலாம் என்று பார்த்தால் கை ஓடவில்லை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் வேறு மாதிரிக் கூப்பிடத் தெரியாது.

போன மாதம் பாரிஸுக்குப் போய்வந்தேன். ரொறன்ரோவில் மோர்னிங்சைட் வீட்டில் தனியே கிடந்து என்ன செய்யப்போகிறாய், கோயில் தேருக்கு வா என்று அங்கே இருக்கும் தங்கச்சி விமான ரிக்கெற் அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது, வருடம் திரும்பி உங்கள் ஆட்டைத் திவசம் முடியும்வரை நான் தேருக்குப் போகக் கூடாது என்று. எங்கள் ஆட்களின் திட்டம் எப்போதும் இப்படித்தான்.

நாங்கள் இரண்டு பேரும் தேருக்கென்று நான்கு முறை அங்கே போயிருக்கிறோம். நான்கு முறையும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "ஒரு நாள் அந்த மியூசியத்துக்குப் போவமே, படங்களைப் பாப்பம்." லைப்ரரியிலிருந்து படப் புத்தகங்களாகக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்த மனிசன் நீங்கள். நானோ, "சின்னம்மா வீட்டை போகாட்டில் கோவிப்பினம், அடுத்த முறை பாப்பம்" என்றேன். வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டே நாட்கள் முடிந்தன. ஒரு முறையாவது என்னோடு சண்டை பிடித்திருக்கக் கூடாதா?

தேரன்று எல்லோரும் பட்டுடுத்திப் போனார்கள். துக்க வீட்டுக்காரியை இந்த முறை யாரும் விருந்துக்கும் கூப்பிடவில்லை. நீங்கள் கேட்ட அந்த ஒரு நாள், நீங்கள் போன பிறகு எனக்குச் சும்மா கிடைத்தது. தங்கச்சியின் மகள் ஃபோனில் எடுத்துத் தந்த மியூசிய ரிக்கெற்றோடு மெட்ரோ ஏறினேன்.

அங்கே பைகளை வாங்கி வைக்கும் இடத்தில் நின்ற பெண் எங்கள் ஆள். என் முகத்தைப் பார்த்ததுமே நானும் தமிழ் என்று தெரிந்துகொண்டார்.

"தனியவோ அக்கா வந்தனீங்கள்?"

"இல்லை, இவரும் வந்தவர். உள்ளுக்கை போயிட்டார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அறை அறையாக நடந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. ஓரிடத்தில் மேசை நிறைய மீனும் நண்டும் கீறிய பெரிய படம். அது எனக்கு விளங்கியது. "உந்த மீன் பழுது. கண்ணைப் பாருங்கோ, உள்ளுக்குப் போயிட்டுது" என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னேன். பக்கத்தில் நின்றது ஒரு வெள்ளைக்காரி. சிரித்துவிட்டு விலகிப் போனார். நீங்கள் என்றால், "கீறி முன்னூறு வருசம், பழுதாகாமல் என்ன செய்யும்?" என்றிருப்பீர்கள். அங்கே ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் குந்தி அழுதேன். என்னைத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. அது நல்லதா, கெட்டதா?

பையை எடுக்க வந்தபோது அந்தப் பெண், "அண்ணை எங்கை?" என்று கேட்டார்.

"அவர் இன்னும் பாத்து முடியேல்லை" என்றேன்.

பிறகு வெளியே வந்து வாசலில் நின்றேன். பொய்யை மறைக்க இல்லை, உண்மையாகவே உங்களுக்காக நின்றேன். பூட்டும் நேரம் வரை, வெளியே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். கடைசி ஆளும் வந்து, என்னைக் கடந்து போனார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பியும் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மில்லிக்கனில் இருந்து மகன் ஃபோன் எடுத்து, "அம்மா, ட்ரிப் ஓகேயா?" என்றான். "ஓம்" என்றேன். அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

இங்கே டவுன்ரவுனிலும் ஒரு படக்கூடம் இருக்கிறதே, அதற்கும் நீங்கள் கேட்டுப் பார்த்தீர்கள். வருகிற சனிக்கிழமை சப்வேயில் போகிறேன். வாசலில் எத்தனை ரிக்கெற் என்று கேட்பார்கள். ஒன்று என்று சொல்வேன். யாராவது எங்கள் ஆள் கண்டு, தனியவோ வந்தனீங்கள் என்று கேட்டால், ஓம் என்று சொல்வேன். எப்படியும் சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

எப்போதும்,
உங்கள் மனிசி