தென்னந்தோப்பு வீட்டு அடுப்பு

காரமடை
24.8.1994

அன்பு மகள் கோகிலவாணிக்கு,

அப்பா எழுதுவது. மாப்பிள்ளை போட்ட கார்டு நேற்று வந்தது. உன் அம்மா என்னைப் படிக்கச் சொன்னாள். நீ மாசமாக இருக்கிறாய் என்ற இடம் வந்ததும் கார்டைப் பிடுங்கிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். மீதி விஷயம் எனக்கு இன்னும் தெரியாது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

என் பிழைப்பு உனக்குத் தெரிந்ததுதான். தொண்டு நிறுவனத்து வேனில் மைக்கும், மண் அடுப்பு போடும் தகர அச்சும், புகைக் குழாயும் ஏற்றிக்கொண்டு புகையில்லா அடுப்பைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லி வருகிறேன். பாதி விறகு போதும், புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும் என்று தொண்டை வற்றப் பேசுகிறேன். மதுக்கரைப் பக்கம் ஒரு அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புகையில்லீனா கொசு எப்படீங்க போகும் என்றார். குழாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஆடியில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நீ கண்ணைத் துடைத்துக்கொண்டே காபி கொண்டுவந்தாய். மாப்பிள்ளை ஏதும் சொல்லிவிட்டாரோ என்று ஒரு நிமிடம் பயந்துபோனேன். உன் பின்னாலேயே புகை வந்த பிறகுதான் உயிர் வந்தது. அந்தச் சமையற்கட்டுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை. இப்போது நீ ஒருத்தி இல்லை, இரண்டு பேர். வரும் ஞாயிறு அச்சும் குழாயும் எடுத்துக்கொண்டு வருகிறேன். வீட்டுக்கு வரும் கடிதத்தைச் சம்பந்தி வாய்விட்டுப் படிப்பார் என்று தெரியும். அதனால் அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஒரே நாள் வேலைதாங்க.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு.

உன் அப்பா,
காளிச்சாமி


காரமடை
7.9.1994

அன்பு மகளுக்கு,

இதைத் தபாலில் போடாமல், உங்கள் பக்கம் வரும் எங்கள் வேன்காரரிடம் உன் கையில் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். கொண்டுபோன குழாயும் நல்லபடியாகத் திரும்பி வந்து சேர்ந்தது. உடுமலைப்பேட்டை பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் நாதஸ்வரமா என்று கேட்டார்.

அன்றைக்கு நீ கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஏனுங்க சம்பந்தி, தோப்புல மட்டையும் பாளையும் மக்கிக் கெடக்குது, எங்களுக்கென்னங்க வெறகுப் பஞ்சம் என்று உன் மாமனார் சிரித்தபோதே எனக்குப் பாதி தெம்பு போய்விட்டது. விறகு மிச்சம் என்பதுதான் என் பேச்சில் முதல் வரி. தென்னந்தோப்புக்காரரிடம் அது எடுபடாது. சரி, புகையைச் சொல்லிப் பார்ப்போம் என்று வாயெடுத்தேன். அதற்குள் உன் மாமியார், மாசமா இருக்கற புள்ள இருக்கற ஊட்டுல ஒண்ண இடிக்கறதும் ஆகாது, புதுசாக் கட்டறதும் ஆகாதுங்க, கொழந்தை பொறக்கட்டும், அப்பறம் நீங்களே வந்து போட்டுக் குடுங்க என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டேதான் சொன்னார்.

பெண் கொடுத்த வீட்டில் அதற்கு மேல் என்ன பேச முடியும். பேசினால் நீ குறை சொல்லித்தான் நான் வந்தேன் என்று ஆகிவிடும். இங்கே வந்தால் உன் அம்மாவும் அவர்கள் கட்சிதான். மாசமா இருக்கறப்ப செவுத்துல ஆணிகூட அடிக்க மாட்டாங்க, இது தெரியாமயா கெளம்பிப் போனீங்க என்கிறாள்.

நீ முடிந்தவரை காய்ந்த மட்டையாகப் பார்த்து எடு. பின்கதவைத் திறந்து வைத்துக்கொள். ஊதாங்குழலை எடுத்துக் குனிந்து ஊதாதே. ஏழாம் மாதம் மார்கழியில் விழுவதால் கட்டுச்சோற்று விருந்தைத் தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று இரு வீட்டிலும் பேசிவிட்டோம். சோற்று மூட்டையோடு வந்து விருந்து வைத்துவிட்டு உன்னைப் பிரசவத்துக்கு அழைத்து வந்துவிடுவோம். அதுவரை பொறுத்துக்கொள் அம்மணி.

உன் அப்பா


காரமடை
20.2.1995

என் கண்ணு கோகிலவாணிக்கு,

இதைப் பக்கத்து வீட்டு அப்துல் முத்தலிப் பாயிடம் கொடுத்து அனுப்புகிறேன். தேங்காய் வாங்க உங்கள் பக்கம் வருகிறார். உன் கையில்தான் கொடுப்பார். நீ மட்டும் படி.

மார்கழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நீ மயக்கத்தில் இருந்ததால் குழந்தையை உனக்குக் காட்டவில்லையாம். மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். என் கையில்தான் கொடுத்தார்கள். இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிட்டாள். உன் மூக்கு. தலை நிறைய முடி. வலது கையை மூடியே வைத்திருந்தாள். நான் விரலை வைத்தேன், பிடிக்கவில்லை. உன் பிள்ளை அழகாக இருந்தாள் கண்ணு.

டாக்டரம்மாவிடம் தனியாகப் போய், புகையாலா என்று கேட்டேன். அதை மட்டும் அப்படிச் சொல்ல முடியாதுங்க, ரத்தமும் குறைச்சல், எடையும் குறைச்சல், எல்லாம் சேர்ந்திருக்கும் என்றார். ஆகையால் நானும் யார்மீதும் பழி போடப் போவதில்லை. ஆனால் ஐப்பசி மழையில் நனைந்த மட்டையை வைத்துக்கொண்டு நீ மல்லுக்கட்டியதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீட்டுக் கழிந்ததும் அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். கழிந்துவிட்டது. தோப்பில் தேங்காய் வெட்டு நடக்கிறது, ஆட்களுக்குச் சோறாக்க வேண்டும் என்று நீ மறுபடியும் அதே அடுப்படியில் நிற்கிறாயாம். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குதுங்க மாமா, கேட்டாப் புகைங்கறா என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டார்.

நேற்று உன் மாமனார் மளிகைக்கடைக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னார். நல்ல மனிதர். குழந்தையைக் குழியில் வைத்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவர். இப்பத்தான் ஊட்டுல தடை ஒண்ணும் இல்லீங்களே சம்பந்தி, வந்து அந்த அடுப்பப் போட்டுக் குடுத்துருங்க, புள்ளையும் புகையில செரமப்படுது என்றார். சரிங்க என்று போனை வைத்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். அந்தப் பழைய அடுப்பை நானே இடிப்பேன். புது அடுப்பு போட்டால் மண் நன்றாகக் காயும்வரை தீ மூட்டக்கூடாது. அதுவரை வாசலில் மூன்று கல்லைக் கூட்டி வைத்துச் சமைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லா ஊரிலும் நானேதான் சொல்கிறேன். இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. வெட்டவெளியில் மூன்று கல். இடிக்க வேண்டியதில்லை, கட்ட வேண்டியதில்லை, உன் மாமியார் ஆகாது என்றிருக்க மாட்டார். அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கலாம். நான் என் அடுப்பையே பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

மண் காய ஒரு வாரம் போதும். இரண்டு மாதம் ஆகும், அந்த மண் ஈரம் பச்சை உடம்புக்கு ஆகாது, பிள்ளையை அழைத்துப் போகிறேன் என்று உன் மாமனாரிடம் சொல்லப் போகிறேன். இந்த அடுப்பைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. நான் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்காதே. துணிமணியை மட்டும் எடுத்து வை.

அம்மா உனக்குப் பாயை விரித்துத் தயாராக வைத்திருக்கிறாள். வந்துவிடு கண்ணு. நம் வீட்டில் புகை கிடையாது. இங்கே நீ அழுதால், எதற்கென்று யாரும் கேட்க மாட்டோம்.

உன் அப்பா