வலப்பக்கத்துப் பந்து

தன்னாமுனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் இன்ஷாப் நானாவுக்கு,

உங்கள் கூட்டாளி ரூபனின் பெண்சாதி விதுர்ஷா எழுதுகிறேன். இங்கே மாமியும் மகளும் நானும் சுகம். நீங்களும் பயிற்சி முகாமில் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன்.

போன் இருக்கிற காலத்தில் இவளுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். முகாமில் பின்னேரம் ஒரு மணித்தியாலம்தான் போனைத் தருகிறார்களாம். அந்த நேரம் நீங்களும் இவரும் ஒரே கட்டிலில் இருந்து ஒரே போனைப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு நான் எதை அனுப்பினாலும் அது அவர் கண்ணில் படும். நாளைக்கு உங்கள் பெண்சாதி ரிப்கா உங்களைப் பார்க்கக் கொழும்புக்கு வருகிறா என்று கேள்விப்பட்டேன். ஏறாவூருக்குப் போய் இதை அவவின் கையில் கொடுத்துவிடப் போகிறேன். அவவுக்கும் விசயம் தெரியாது. தயவுசெய்து இதை இவர் இல்லாத இடத்தில் வைத்து வாசியுங்கள்.

ஊரில் லீக் கதையைத் தவிர வேறு கதை இல்லை. எங்கள் உதைபந்தாட்டக் கழகம் தேசிய லீக்கின் முதல் பிரிவுக்கு ஏறிவிட்டது என்று இன்னும் வெடி கொளுத்துகிறார்கள். வருகிற சனிக்கிழமை முதல் ஆட்டம் என்று சந்தியில் பெரிய பதாகை கட்டியிருக்கிறார்கள். நடுவில் நீங்கள், பக்கத்தில் கோல்காப்பாளர் கையுறை போட்டபடி இவர். மாமி சீனி வாங்கப் போகிறேன், தேயிலை வாங்கப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறா. உங்கள் சாலிஹ் மாமா கடைக்கு முன்னால் திரை கட்டி ஆட்டம் காட்டப் போகிறாராம். ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். எனக்கு அந்தச் சனிக்கிழமை வரவே கூடாது.

முதல் பிரிவுக்கு ஏறிய அந்தக் கடைசி ஆட்டத்தில், எதிரணிக்காரனின் முழங்கால் இவர் தலையில் பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். விழுந்தார். தண்ணீர் ஊற்றினீர்கள். எழும்பி மிச்ச ஆட்டத்தையும் ஆடினார். பிறகு உழவு மிசின் பெட்டியில் ஏற்றி ஊர் முழுக்கச் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். பிற்பாதி ஆட்டத்தில் என்ன நடந்தது என்று தனக்கு ஒன்றுமே தெரியாது என்று வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார். அடுத்த நாள் தலையிடி, சாப்பிட்டதெல்லாம் சத்தி. ஊரே பார்த்த பிள்ளை, நாவூறு பட்டுவிட்டது என்று மாமி சொன்னா. நானும் நம்பினேன். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட்டோம். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் தலையிடி குறைந்தது. கழகத்துக்காரர்கள் வந்து, சீதேவிப்பிள்ளையக்கா நல்லாக் கழிச்சுட்டா என்று மாமியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து வந்தவர் ஏதோ பகிடி சொல்கிறவர் போலச் சொன்னார். எனக்கு இப்ப ரெண்டு பந்து வருது, வலப்பக்கத்துப் பந்துதான் மெய்ப்பந்து, அதப் புடிச்சாப் போதும் என்றார். அதையும் பழகிக்கொண்டார், நானா. ரூபன் முன்னையவிட நல்லாப் புடிக்கிறான் என்று நீங்கள் எல்லோரும் சொன்னது அந்த நாட்களில்தான்.

அழுது, சண்டை பிடித்து, மகளையும் தூக்கிக்கொண்டு டவுனுக்கு டொக்டரிடம் கூட்டிப்போனேன். தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, இன்றைக்கே வார்ட்டில் படுக்க வேண்டும், இன்னொரு அடி பட்டால் உயிருக்குப் பொறுப்புச் சொல்ல முடியாது என்றார். உடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று எங்களோடு வெளிக்கிட்ட மனிசன் திரும்பி அந்தப் பக்கமே போகவில்லை.

வீட்டுக்கும் வரவில்லை. குருமண்வெளியில் வாவியைக் கடக்கிற பாதைப்படகில் ஏறி, எங்களை நேரே மண்டூர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே பூசை செய்கிறவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் செய்வார்கள். அதைக் காட்டி, நீயும் இப்பிடி வாயக் கட்டு, இந்த விசயம் உன்ட வாயால வெளிய போகாதெண்டு சத்தியம் பண்ணு என்றார். என் கையைப் பிடித்து மகள் தனுஷியாவின் தலையில் வைத்தார். முதல் பிரிவில ஒரேயொரு தரம் நிண்டுட்டு வாறன், மறுகா நீ சொல்லுற வார்ட்டுல படுக்கிறன் என்று கெஞ்சினார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தியம் செய்துவிட்டேன்.

இன்றுவரை மாமியிடம்கூட வாய் திறக்கவில்லை. இப்போதும் வாய் திறக்கவில்லை, எழுதுகிறேன். இது சத்தியத்தை மீறுவதா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. மீறுவதென்றால் பிள்ளையைத் தொடாதே, என்னைத் தொடு என்று முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் இவர் மாமியைப் பார்த்து, அப்பா வலைக்குப் போயிட்டாரா என்று கேட்டாரே, கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? இவரின் அப்பா, வாவியில் வலை வீசின யோகராசா மாமா, செத்து இரண்டு வருடம். கொள்ளி வைத்தது இவர். பாடை தூக்கியவர்களில் நீங்களும் ஒருவர். நித்திரை வெறியில உளறுறான் என்று நீங்கள் சிரித்தீர்கள். அவர் சிரிக்கவில்லை. பதில் வருமென்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான்தான் மாமியின் கையிலிருந்து போனை வாங்கி, ஓம், போயிட்டார் என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை.

நானா, அவரை அந்தக் கோலுக்குள் விடாதீர்கள். நீங்கள் அணித்தலைவர், பயிற்சியாளர் உங்கள் சொல்லை எடுப்பார். சனிக்கிழமைவரை வைத்திருக்கவும் வேண்டாம். பயிற்சியிலும் அடி படும்தானே. இதை வாசித்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உடுப்பு எடுக்கப் போகிறேன் என்றால் நம்பிவிடாதீர்கள்.

உங்களுக்கும் இது லேசில்லை என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் கிடைத்த முதல் பிரிவு இன்னொரு தடவை கிடைக்காது. இவருக்குப் பதிலாக நிற்கப்போகிற மர்சூக் பெரிய ஆட்டம் எதுவும் கண்டதில்லை. கோல்கள் விழும், ஊர் உங்களைக் கிழிக்கும், என்னையும் கிழிக்கும். கிழிக்கட்டும். நான் சந்தியில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

இவர் உங்களோடு கதைக்கமாட்டார். என் முகத்தில் முழிக்கமாட்டார். நான் கட்டிய மனிசனை எனக்குத் தெரியும், சாகும்வரைக்கும் எங்கள் இரண்டு பேரையும் மன்னிக்கமாட்டார். அந்தச் சாவு அவர் கிழவனான பிறகு வரட்டும், நானா.

அல்லாஹ் உங்களுக்குத் துணை நிற்கட்டும். முருகனும் நிற்கட்டும்.

உங்கள் கையை நம்பியிருக்கும் தங்கச்சி,
விதுர்ஷா