வீக்கம் வந்தபின் வாருங்கள்

காக்களூர்,
5.2.2025

அன்புள்ள தம்பி ஸ்டீபனுக்கு,

கழுத்தில் இவ்வளவு பெரிய அறுவைத் தழும்பை வைத்துக்கொண்டு, உன் மகளின் கழுத்தை மட்டும் ஏன் ஸ்கேன் எடுக்காமல் இருக்கிறாய்? யோசித்துப் பார்த்தேன், எனக்கு விடை தெரியவில்லை. நீ போனும் எடுப்பதில்லை.

உன் தைராய்டில் கட்டி வரக் காரணமான மரபணுக் கோளாறு ஏஞ்சலினுக்கும் இருக்கிறது. ஏழு வயதிலிருந்து ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சென்னை டாக்டர் எழுதியே கொடுத்தார். அவளுக்கு எட்டு முடியப்போகிறது. திங்கட்கிழமை ஸ்கேன் என்றாய். அன்று மாலை உன் மனைவி அனுப்பியது, தொண்டை நோய்க்குக் காவலரான பிளாசியார் திருநாளில் ஃபாதர் குழந்தையின் தொண்டையில் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காக வைத்து ஆசீர்வதிக்கும் படம். ஆண்டுக்கு ஒருமுறை மெழுகுவர்த்தி வைக்க முடிகிறது, ஸ்கேன் மட்டும் அதிகமாகிவிட்டதா?

கோபத்துடன்,
அக்கா ஆரோக்கியமேரி

கும்மிடிப்பூண்டி,
8.2.2025

அக்காவுக்கு, சேசுவுக்கே புகழ்.

காலேஜ்ல பாடம் நடத்துற மாதிரியே எழுதிக்கீற. திங்கக்கெழம லீவு போட்டு, ரெண்டு பஸ் மாறி, உங்க திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குத்தான் இட்டுகினு வந்தேன். டாக்டர் சீட்ட நீட்டுனேன். கவுண்டர்ல இருந்த அம்மா கையிலயே வாங்கல. "கொழந்த நல்லாத்தானே கீது? வீக்கம் வந்தா இட்டுகினு வா, போ"ன்னுச்சு. "கம்பெனி இன்சூரன்ஸ்னா போதும், கழுத்த நீட்டிகினு வந்துர்றானுங்க"ன்னு பக்கத்துல சொல்லி சிரிச்சாங்க. அந்த மூஞ்ச வச்சிகினு உன் ஊட்டுக்கு எப்பிடி வருவேன்? கோயில்லதான் எம்புள்ளய யாரும் போன்னு சொல்லல.

அவள உங்கிட்டயே வுடறேன். நீ படிச்சவ, நீயே பாரு.

தம்பி ஸ்டீபன்

காக்களூர்,
9.2.2025

தம்பி,

ஏஞ்சலினை வாசல் கேட்டில் விட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஷிப்டுக்குப் போய்விட்டாய். அவள் பையில் டாக்டர் சீட்டும் உன் கடிதமும் இருந்தன. என் கோபத்தை விலாசம் தவறி உனக்கு அனுப்பிவிட்டேன். நாளை உரிய இடத்தில் சேர்க்கிறேன்.

மறுநாள் மாலை.

கவுண்டரில் அதே பேச்சு. "வீக்கம் வந்தபின் பார்க்க என் கண் போதும், உங்கள் மெஷின் எதற்கு?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. டாக்டர் வெளியே வந்தார். சென்னைச் சீட்டைப் படித்துவிட்டு உடனே உள்ளே அழைத்தார்.

படுத்ததும், யாரும் சொல்லாமலே, மெழுகுவர்த்திக்குக் காட்டுவதுபோல் ஏஞ்சலின் மோவாயைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். இடப்பக்கம் துவரம்பருப்பு அளவில் ஒரு கட்டி. தடவிப் பார்த்தால் தெரியாது. என்னவென்று இப்போதே சொல்ல முடியாதாம். வெள்ளிக்கிழமை ஊசியால் எடுத்துச் சோதிக்கிறார்கள். நீயும் வா.

வெளியே வந்தபோது கவுண்டரில் இருந்த அந்த அம்மாள், "முன்னாடியே சீட்ட காட்டியிருந்தா நாங்க ஏன் மேடம் தடுக்கப் போறோம்?" என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் உன் மகள் சொன்னாள்: "எங்கப்பா அன்னிக்கே காட்னாரு. நீங்கதான் வாங்கல."

அக்கா