ஏரியில் கேட்ட "ஏங்க"

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? தைலம் தேய்க்கச் சோம்பல்படாதே.

நேற்று விடுதி வேலையில் எனக்கும் நம் ஊர்ச் சமையல்காரருக்கும் விடுமுறை. மலைகளுக்கு நடுவே இருக்கும் ஏரிகளைப் பார்க்க நடந்தோம். எங்கும் பனி. மலை எது, மேகம் எது என்றே தெரியவில்லை. வழியில் பள்ளி மைதானம் போலச் சமமாக ஒரு வெள்ளைத் தரை தெரிந்தது. சுற்றிப் போவானேன் என்று அதில் இறங்கி நடந்தேன்.

பின்னாலிருந்து "ஏங்க!" என்று ஒரு குரல். அப்படியே நின்றுவிட்டேன். என்னை அப்படிக் கூப்பிட நீ ஒருத்திதானே!

"அசையாதீங்க, அது ஏரி!" என்று கத்தினார் சமையல்காரர். காலடியில் அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். மெல்லப் பின்வாங்கிக் கரையேறினேன்.

"தண்ணி உறைஞ்சா ஐஸுன்னு காலமெல்லாம் பாடம் நடத்தினவரு நீங்க! அதும்மேல போய் நடக்கலாமா?" என்று சிரித்தார். ஆனால் விடுதி வந்து சேரும்வரை என் கையை அவர் விடவில்லை. எனக்கு ஷூ மட்டும்தான் நனைந்தது, பயப்படாதே.

தினமும் "வாத்தியாரே" என்பவர் பதற்றத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டார். "வாத்தியாரே" என்றிருந்தால், "இருப்பா, வரேன்" என்று இன்னும் இரண்டடி வைத்திருப்பேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. அப்புறம், போனில் எடுத்ததும் "சாப்பிட்டீங்களா" என்கிறாய். இனிமேல் ஒரு தடவை "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டுக் கேள்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது, முடிக்கிறேன்.

உன்னவன்