உன் தொட்டி விளக்கை அம்மாவே அணைத்தாள்

பாசி மூடிய தொட்டிக்கு மேலே படத்திலிருந்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிற என் ஜூட் அண்ணாவுக்கு,

நீ விட்டுப்போன மீன் தொட்டிக்கு இங்கே என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். அவள் மறுபடி எழும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் பகிரங்கமாக எழுதுகிறேன். நம் சொந்தக்காரர்களில் வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள்.

உன்னை மயானத்தில் விட்டுவிட்டு வந்த அன்றே, முன் அறையில் உன் படத்தைத் தொட்டிக்கு மேல் வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். பிறகு யாரோ ஒரு மேதைக்கு யோசனை வந்தது. தொட்டியிலேயே லைட் இருக்கிறதே, மெழுகுதிரி எதற்கு? ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு நிமிஷம் விடாமல் நீ அணைத்துவிடுகிற அந்த லைட், அதற்குப் பிறகு இரவும் பகலும் எரிந்தது. நான் அணைக்கப் போனால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கான் புள்ள, இன்னும் மோட்சம் போகல. அவனுக்கு வெளிச்சம் வேணும்."

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு சிட்டிகை மீன் தீனி போட்டார்கள். குழிக்குள் மண் போட்ட அதே கை, அதே பக்தி. மீன் தின்றது கொஞ்சம். மிச்சமெல்லாம் கல்லுக்குள் இறங்கி அழுகியது. சில நாட்களில் கண்ணாடி பச்சையானது, செடிகளில் நூல் நூலாகப் பாசி தொங்கியது. அப்புத்தளை அத்தை அதன் முன்னால் நின்று கண் கலங்கினாள். "பாருங்களேன் அண்ணி, என்னா பச்ச! தம்பி கை வச்சது அப்புடியே செழிச்சிருக்கு."

செழிப்பாம். ஆளை நெரித்துக்கொல்கிற கயிற்றைப் பார்த்து என்ன அழகான மாலை என்பவர்களிடம் நான் என்ன பேச?

நீயும் நானும் போனில் சண்டை போட்டதெல்லாம் இதற்காகத்தானே. நான் பொஸ்பேற்று கூடிவிட்டது என்பேன், நீ பொற்றாசியம் குறைந்துவிட்டது என்பாய். ஆனால் அடிப்படையில் நமக்குள் சண்டையில்லை. வெளிச்சம், காபனீரொட்சைட்டு என்கிற கரியமிலக் காற்று, உரச்சத்து எல்லாம் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் செடி சாப்பிடுவதை நிறுத்திவிடும். அது தொடாமல் விட்டதையெல்லாம் பாசி தின்னும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு நான் கல்லூரியில் உயிரியல் படித்திருக்கவே தேவையில்லை. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு தொட்டியைப் பார்த்தால் போதும். வாயை மூடுவதுதான் நம் வீட்டில் யாருக்கும் முடியாத காரியம்.

குறிப்பாகச் சித்தப்பாவுக்கு. அப்பா போனதிலிருந்து நம் வீட்டுக்குத் தன்னைத்தானே தலைவராக நியமித்துக்கொண்டவர். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலைப் பெரட்டில் வேலைக்கு வரிசையாக வந்து நிற்கிற ஆட்களை விரட்டுகிற அதே குரலில்தான் செபமாலையும் சொல்வார்.

தொட்டிக்குப் பின்னால் நீ வைத்திருந்த சோடாப் போத்தலை முதலில் கண்டவர் அவர்தான். சீனித் தண்ணீரும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும். மூடியில் ஓட்டை போட்டு, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்குள் கொப்புளம் கொப்புளமாக நீ விட்ட அந்தக் கரியமிலக் காற்று. செடிகளுக்கு அதுதான் மூச்சு. சித்தப்பா மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். அவருக்குப் பழக்கமான சாராய வாடை. சத்தமில்லாமல் போத்தலைக் கொண்டுபோய்க் கொல்லையில் ஊற்றிவிட்டு வந்து அம்மாவிடம் குசுகுசுத்தார்.

"மனசத் தேத்திக்குங்க அண்ணி. வயசுப் பையன். கசிப்பு காய்ச்சியிருக்கான். நான் ஒருத்தருக்கும் சொல்லல."

ஒருத்தருக்கும் சொல்லவில்லை என்பதைப் பதுளை முழுக்கச் சொன்னார். பிறவியிலேயே உன் இதயத்தில் கோளாறு இருந்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கியிருந்தார். சித்தப்பாவின் மூக்குக்கு முன்னால் அந்தப் படிப்பு நிற்கவில்லை. நீ குடித்துச் செத்தாய் என்று முடிவாகிவிட்டது. அம்மா உன் ஆத்துமாவுக்காக அழத் தொடங்கினாள். லைட் ஏன் அணையவில்லை என்று இப்போது விளங்குகிறதா?

காற்று நின்றது, வெளிச்சம் நிற்கவில்லை. இலைகள் மஞ்சளாகின. அதையும் சித்தப்பாதான் கண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்.

"என்னா சித்தப்பா அது?"

"யூரியா. தேயில மஞ்சளாப் போனா என்னா போடுவோம்?"

"ஐயோ, அது தேயில மல, இது தண்ணி! மீன் இருக்கு!"

"செடின்னா செடிதானே புள்ள. நான் எத்தன வருசமா உரம் போட வைக்கிறேன், நீ எனக்குச் சொல்றியா?"

குழந்தை இடுப்பில் இருந்தாள். நான் எட்டுவதற்குள் கொட்டிவிட்டார். அடுத்த நாள் மீன்கள் தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பாதித் தண்ணீரை வாளியால் மாற்றியும் சில பிழைக்கவில்லை. சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அதுகளுக்கும் காலம் முடிஞ்சிருச்சு" என்றார். கடவுள் மீது பழி போடுவதில் அந்த மனுஷனுக்கு இருக்கிற வேகம்!

அன்றைக்கு நான் அழுதது மீனுக்காக இல்லை அண்ணா. நீ போனதிலிருந்து மகளின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு இருந்தது அவளுக்கும் இருந்தால்? கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன் என்று வாயைத் திறந்தேன். சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதயக் கோளாறுன்னு வெளிய சொல்லிட்டுத் திரியாத. பரம்பர நோயின்னா என் பொண்ண யாரு கட்டுவா? குடியின்னா அது அவனோட போயிரும்."

கேட்டாயா? உன் பெயரில் சேறு பூசினால் அவர் வீட்டுச் சம்பந்தம் சுத்தமாகும். இவ்வளவு மலிவாகவா உன்னை விற்றார்கள்? அதையும் அம்மா நம்பினாள். "அவன் குடிச்சுச் செத்தான், புள்ளைக்கு ஒண்ணுமில்ல, போட்டு ஒலப்பிக் கொழப்பாத" என்றாள். அந்தப் போத்தல் என்னவென்று அம்மாவுக்கு விளங்காதவரை என் மகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது உன் பாவத்தை மறைக்கிற நாடகமாகத்தான் அவளுக்குத் தெரியும்.

அதனால் உன் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போவதற்கு முன்பே ஒரு சோடாப் போத்தலில் சீனியும் ஈஸ்ட்டும் கலந்து குசினிக்குள் வைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு, உன் நல்ல குணங்களைப் பற்றிப் பொய்யும் பேசி முடித்த பிறகு, அன்றைக்கு மேசைக்கு எடுத்து வைத்திருந்த உன் படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். மூடியில் செருகிய குழாயின் மறுமுனையை ஒரு கிளாஸ் தண்ணீரில் விட்டேன்.

"சித்தப்பா, மூடியத் தொறந்து மணந்து பாருங்க."

"இதென்னா புள்ள?"

"நீங்க ஒருத்தருக்கும் சொல்லாத சாமான்."

மணந்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியா? அதே கசிப்பு வாட."

"காலையில நான்தான் கலந்தேன். பாணுக்குப் போடுற ஈஸ்ட்டும் சீனியும். மூடிட்டு இந்தக் கிளாஸப் பாருங்க."

கிளாஸுக்குள் ஒரு கொப்புளம் வந்தது. இன்னொன்று. பிறகு வரிசையாக. அது தொட்டிச் செடிகள் மூச்சு விடுவதற்கு நீ செய்த ஏற்பாடு என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அப்புத்தளை அத்தைதான் முதலில் கேட்டாள்.

"அப்ப தம்பி குடிக்கலையா?"

அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

"குடிச்சான்னு நான் எங்க சொன்னேன்?" என்றார் சித்தப்பா. "வாட வந்துச்சுன்னு தானே சொன்னேன்."

அம்மா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத அவன் என்னட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். ஏன் அண்ணா சொல்லவில்லை? 'அம்மாவுக்கு வெளங்காது' என்று சிரித்திருப்பாய். அந்தச் சிரிப்பையும் நான் மன்னிக்கவில்லை. நீயும் இந்த வீட்டு ஆள்தான்.

"அப்ப டாக்டர் சொன்னதுதான் மெய்யா?"

"மெய்தாம்மா."

அம்மா எழுந்து போய், யாரையும் பார்க்காமல், தொட்டி லைட்டை அணைத்தாள்.

"என்னா அண்ணி, செத்தவன் வெளக்க அணைக்கிறீங்க!" என்றார் சித்தப்பா.

"நீங்க சாப்ட்டாச்சில்ல? கையக் கழுவிட்டுக் கெளம்புங்க."

பிறகு என்னிடம் திரும்பினாள். "இப்ப என்னா செய்யணும்?"

"மூணு நாளைக்கு நல்ல இருட்டு. பொட்டு வெளிச்சம் படக்கூடாது. செடி தாங்கிக்கும், பாசி பட்டினியில செத்துரும்."

உன் கட்டிலில் மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்து வந்து அவளே தொட்டியை மூடினாள். நாலு பக்கமும் ஓரங்களை இழுத்துச் செருகினாள். சின்ன வயதில் நமக்குப் போர்த்திவிட்டது போலவே. செருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"புள்ளய எப்ப கிளினிக் கொண்டு போற? நானும் வாரேன்."

கம்பளி இன்னும் தொட்டியின் மேல் இருக்கிறது. நாளைக்கு எடுப்போம். நீ ஆசையாக வளர்த்த அந்தச் சிவப்புத் தண்டுச் செடி மிஞ்சியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. மிஞ்சினால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அதற்கு லைட் கிடையாது, கொப்புளம் நிற்காது, இந்த வீட்டுக்கு வருகிற எந்தக் கையும் அந்தத் தண்ணீருக்குள் எதையும் போடாது. திங்கட்கிழமை உன் மருமகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறோம். பஸ்ஸில் யாராவது எதற்கென்று கேட்டால், மாமாவுக்கு நெஞ்சில் பிறவிக் கோளாறு இருந்தது, அதனால் காட்டுகிறோம் என்று கடைசி சீட் வரைக்கும் கேட்கச் சொல்வேன். இது உனக்குத் தருகிற வாக்கு. சித்தப்பாவுக்கும்தான்.

உன்னை இன்னும் திட்டி முடிக்காத,
உன் ஒரே தங்கச்சி
ஷெரின்